மாலை ஏறாத படம்

1

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செகந்திராபாத்தில் ஒரு மண்டபத்தில் என் அத்தானின் படத்துக்கு மாலை போட்டார்கள். அக்கா மேடை ஏறிப் போய் அதைக் கழற்றிவிட்டார். நடந்தது இவ்வளவுதான். அதற்குப் பிறகு இங்கே உள்ள தமிழர்கள் என்னை எங்கே பார்த்தாலும், "அக்காவுக்கு மனசு சரியில்லையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். எனக்கு வாய் திறந்து பதில் சொல்ல வராது. இரண்டு பேருக்கு மேல் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்து லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். இப்போது ஐதராபாத்தில், உப்பலில், பிளாஸ்டிக் மூடிகள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் மெஷின் பார்க்கிறேன். பகல் முழுக்க தெலுங்கும் உருதுவும். வீட்டுக்கு வந்தால் மகள் காவ்யா தமிழில் கேட்டதற்குத் தெலுங்கில் பதில் சொல்வாள். நான் பேசுகிற தமிழை நான் பேசுகிற மாதிரியே திருப்பிப் பேசுகிற ஆள் இந்த ஊரில் எனக்கு ஒருவர்தான். அவர் என் அக்கா ராசம்மா.

2

இந்திய அரசாங்கத்தின் கணக்கில் நாங்கள் தாயகம் திரும்பியவர்கள். எனக்குத் திரும்பியதாக ஞாபகமே இல்லை. என் அப்பாவும் தோட்டத்தில்தான் பிறந்தார். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்ததில் நாங்கள் இந்தப் பக்கம் விழுந்தோம். பாஸ்போர்ட் வந்தது. கப்பலுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆடிக் கலவரம்.

கலவரம் என்று எழுதிவிட்டேன். பாருங்கள், கை தானாக அந்தச் சொல்லுக்குப் போகிறது. ஒருவன் கையில் பெட்ரோல், இன்னொருவன் கையில் ஒன்றும் இல்லை. இதற்கு எப்படிக் கலவரம் என்று பெயர் வரும்? ஆனாலும் நாற்பது வருஷமாக எல்லாத் தாள்களிலும் அப்படியேதான் இருக்கிறது. நானும் அப்படியே பழகிவிட்டேன்.

அத்தான் சிவலிங்கம் அப்போது கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்தான். கப்பல் ஏறும் முன் நாலு காசு சேர்க்கலாம் என்று போனவர். எந்தக் கடை தமிழன் கடை என்று முன்பே பார்த்து வைத்திருந்தவர்கள் வந்து, ஆட்களை உள்ளே வைத்துக் கதவை அடைத்து நெருப்பு வைத்தார்கள். பின்பக்கக் கூரை ஏறித் தப்பிய ஒரு பையன் எப்படியோ மலைக்கு வந்து சேர்ந்து, எங்கள் வாசலில் நின்று சொன்னான். அக்கா அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் ஆட்களில் புருஷன் செத்தால், கருமாதி அன்று பிறந்த வீட்டில் இருந்து கோடிச் சேலை போட வேண்டும். அந்தச் சேலை தோளில் விழுந்த பிறகுதான் தாலி இறங்கும், பொட்டு அழியும். அப்பா கோடி வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா வாங்கவில்லை.

"செஞ்சவங்க வந்து செஞ்சோம்னு சொல்லட்டும்ப்பா. அதுக்குப் பொறவு போடு."

பத்தொன்பது வயசுப் பெண் துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மன்னார் வழியாகக் கப்பல், மண்டபம் முகாம், பிறகு ஆந்திராவில் ஒரு நூல் மில். எல்லா இடத்துக்கும் அந்த மஞ்சள் கயிறும் வந்தது. அப்பா மில் குவார்ட்டர்ஸில் கண்ணை மூடும்போது என் கையைப் பிடித்து, "கோடி நீதான்டா போடணும்" என்றார். மில் மூடி, நான் உப்பல் வந்து, எனக்குக் கல்யாணமாகி, காவ்யா பிறந்து காலேஜுக்கும் போய்விட்டாள். நான் இன்னும் போடவில்லை.

3

போன வருஷத்துக்கு முன் வருஷம் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். பாவம், வெயிலில் வந்திருந்தாள். அக்காவிடம் தெலுங்கில் கேட்டாள்.

"பர்த்த ஏம் சேஸ்தாரம்மா?" புருஷன் என்ன வேலை செய்கிறார் என்று.

"சம்பேசாரு." கொன்றுவிட்டார்கள்.

அந்தப் பெண் பேனாவை நிறுத்தி அக்காவின் நெற்றியைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள்.

"அயிதே, விதவ அனி ராயனா?" அப்படியென்றால் விதவை என்று எழுதட்டுமா?

"வத்து." எழுதாதே.

"மரி ஏமனி ராயாலி?" பின்னே என்னவென்று எழுதுவது?

"சம்பேசாரனி ராய்."

கொன்றுவிட்டார்கள் என்று எழுதுவதற்கு அவளிடம் இடம் இல்லை. கல்யாணமானவர், ஆகாதவர், விதவை, பிரிந்தவர், இவ்வளவுதான். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் கல்யாணமானவர் என்று போட்டுக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

நான் சும்மா இருக்கவில்லை. காவ்யாவை உட்கார வைத்து, அத்தான் கொல்லப்பட்டதை எழுத்தில் தரச் சொல்லி இலங்கையில் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வர மாதக் கணக்கானது. ஆள் அப்போது இந்தியப் பிரஜை என்றால் இந்தியத் தரப்பில் கேட்கவும் என்று இருந்தது. இந்தியத் தரப்பில் கேட்டால், சம்பவம் அந்த நாட்டில் நடந்தது, அங்கே கேட்கவும். அத்தான் எரியும்போது அவர் சட்டைப்பைக்குள் எந்த நாடு இருந்தது என்று இவர்களுக்குத் தீராத சந்தேகம். கடைசியில் யாரோ இரக்கப்பட்டு, காணாமல் போனவர் என்று ஒரு சான்றிதழ் தரலாம், அதற்கு மனைவி விண்ணப்பிக்க வேண்டும் என்று வழி சொன்னார்கள். நான் சந்தோஷமாக அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"காணாமப் போறதுக்கு அவரு என்ன கோழிக்குஞ்சா?" என்றார் அக்கா. அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், முறத்தை நிறுத்தவில்லை. "ஆளு எங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. சாம்பல எங்க கொட்டுனாங்கன்னுதான் தெரியாது."

"அக்கா, ஏதாவது ஒண்ணு கையில இருந்தா நல்லதுதானே."

"பொய்யி கையில இருந்தா என்ன நல்லது?"

அந்தக் கடிதப் போக்குவரத்து அங்கேயே நின்றுபோனது.

4

கம்பெனியில் என் பக்கத்து மெஷின் கவுஸ் பாயுடையது. என் வயசுதான். ஐதராபாத்துக்காரர், சிரிக்காமல் கிண்டல் செய்கிறவர். நிஜாம் ராஜ்யத்தை இந்தியப் பட்டாளம் வந்து பிடித்த வருஷத்தில், அவர் தாத்தா சந்தைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அந்த நாளைத்தான் இங்கே செப்டம்பரில் கொண்டாடுகிறார்கள். ஒரு கட்சி விடுதலை நாள் என்கிறது, இன்னொரு கட்சி இணைந்த நாள் என்கிறது. ஆட்சி மாறினால் பெயரும் மாறும்.

"பேர் பதல்தா ஹை பாய், பிரியாணி வஹீச் ஹை," என்பார். பெயர்தான் மாறுகிறது, பிரியாணி அதேதான்.

ஒரு நாள் டீக்கடையில் அவரிடம் கேட்டேன். உங்கள் தாத்தாவுக்கு என்ன ஆனது என்று யாராவது சொன்னார்களா?

"கோன் போல்தா? யாரு சொல்வா? உன்னோட ஊர்ல கவர்மெண்ட் நெருப்பு வச்சவன் பக்கம். இங்க கவர்மெண்ட்டுக்கு அதே நாள்ல பண்டிகை. பண்டிகை நாள்ல போய் மையத்து பத்தி கேட்டா யாரு பதில் சொல்லுவான்?" என்றார். இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்றதில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"அப்ப உங்க பாட்டி என்ன செஞ்சாங்க?"

"சாவுத் தொழுகை வச்சிட்டாங்க. ஒடம்பு இல்லாமலே." டீயை ஊதினார். "தேரி தீதீ பஹுத் ஜித்தி ஹை பாய்." உங்க அக்காவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

எனக்கு அது ஆறுதலாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை. இந்த நாடு ஒழுங்கு, அந்த நாடு மோசம் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. பாஸ்போர்ட் கொடுத்த நாடாயிற்றே. அதுவும் அன்று டீக்கடையோடு போய்விட்டது.

5

ஒரு நாள் காவ்யா போனை நீட்டினாள். தூரத்துக் குளிர் நாடு ஒன்றின் பார்லிமெண்ட், இலங்கையில் தமிழர்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறதாம். அதைப் பற்றி யாரோ பேசுகிற வீடியோ.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "ஒரு நாடே சொல்லிடுச்சு அக்கா!"

"எந்த நாடு?"

சொன்னேன்.

"எரிச்சது அவங்களா?"

"இல்ல."

"அப்ப அவங்க எதுக்குச் சொல்றாங்க?"

காவ்யா நடுவில் வந்தாள். "அத்தம்மா, அதி ரெகக்னிஷன். சால பெத்த விஷயம்."

அக்கா சிரித்தார். "பெரிய விஷயம்தான் கண்ணு. நல்ல மனுசங்க. பக்கத்து வீட்டுக்காரன் வந்து, ஆமா, அவன் அடிச்சத நான் பாத்தேங்கறான். அது சாட்சி. அடிச்சவன் இன்னும் வாயத் தொறக்கலயே."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. இவருக்கு எதுவும் போதாது. ஒரு நாடு சொன்னாலும் போதாது, பத்து நாடு சொன்னாலும் போதாது. அந்த நாடு சொன்னால்தான் என்றால், அந்த நாடு எந்தக் காலத்தில் சொல்லும்? சொன்னவனுக்கு அங்கே ஓட்டு விழுமா? நான் இதை எல்லாம் மனசுக்குள்ளேதான் கத்தினேன். வெளியே, "சரி அக்கா" என்றேன்.

6

அந்த வீடியோவைப் பார்த்த கையோடு கொண்டாப்பூரில் ஐ.டி. வேலை பார்க்கிற பிரசன்னா என்ற திருச்சிப் பையன் ஒரு நினைவுக் கூட்டம் போட வேண்டும் என்று கிளம்பினான். யாரோ எங்களைப் பற்றிச் சொல்லி உப்பலுக்கே வந்துவிட்டான். நல்ல பையன். அக்கா காலடியில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். அத்தானின் படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது, கல்யாணத்தின்போது எடுத்தது. அதைப் பெரிதாக்கி வைத்து அக்கா விளக்கேற்ற வேண்டும் என்றான். நான் யோசிப்பதற்குள் அக்கா சரி என்றுவிட்டார்.

அவனை வாசல் வரை கொண்டுவிடப் போனபோது சொன்னேன். "தம்பி, படத்துக்கு மாலை மட்டும் போட வேணாம். அவங்க இன்னும் கருமாதி செய்யல."

"கண்டிப்பாண்ணே. நான் பாத்துக்கறேன்."

கூட்டத்துக்கு இடம் கொடுத்தது செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கிற தமிழர்களின் சபை. தலைவர் வரதராஜன் சார், ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி. பேனர் எழுதும் விஷயம் வந்தபோது நானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பிரசன்னா இனப்படுகொலை நினைவு நாள் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

"நக்கோ பாபு, வேணாம்," என்றார் வரதராஜன் சார். "அந்த வார்த்தை இருந்தா போலீஸ் பர்மிஷன் கேப்பாங்க. நாளைக்கு ஹால் கிடைக்காது. நம்ம இருக்கறது வேற ஸ்டேட்டு."

"சார், ஒரு பார்லிமெண்ட்டே சொல்லியிருக்கு."

"அவங்களுக்கு அங்க நம்ம ஆளுங்க ஓட்டு இருக்கு, சொல்றாங்க. நமக்கு என்ன இருக்கு? காய்கு ரே, எதுக்கு வம்பு?"

படுகொலை போய்க் கொலை ஆயிற்று. கொலை போய்த் துயரம் ஆயிற்று. துயரம் என்றால் என்ன துயரம் என்று கேட்பார்களே என்று அதையும் எடுத்தார்கள். கடைசியில் பேனரில் நின்றது, ஆடி மாத அஞ்சலிக் கூட்டம். ஏதோ அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற நிகழ்ச்சி மாதிரி. பிரசன்னா எழுந்து வெளியே போய்விட்டான். எனக்கும் எழுந்து போக வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன்.

7

அக்கா பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, பூவும் வைத்துக்கொண்டு வந்தார். கல்யாணப் படத்தில் இருக்கிற அத்தானைப் பார்க்கப் போகிறோம் என்பது போலத்தான் இருந்தது அவர் முகம்.

பேசியவர்கள் பெரும்பாலும் கடைசிப் போரைப் பற்றிப் பேசினார்கள். பேச வேண்டியதுதான், அங்கே செத்தவர்கள் கொஞ்சமா? தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வரி கிடைத்தது. பிறகு மேடையில் திரையை விலக்கினார்கள்.

படத்துக்குச் சம்பங்கி மாலை. கனமான, நல்ல மாலை. அத்தானின் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

நான் பிரசன்னாவைப் பார்த்தேன். "நான் சொன்னேண்ணே, சொன்னேன்," என்றான். வரதராஜன் சார் காதில் விழுந்துவிட்டது. "மாலை இல்லாம மொட்டையா இருந்துச்சுப்பா. நான்தான் வாங்கியாரச் சொன்னேன். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். கெட்ட எண்ணம் கிடையாது. படம் வைத்தால் மாலை போடுவது அவருக்குக் கை வழக்கம்.

வரதராஜன் சார் மேடை ஏறி, விளக்கேற்ற அக்காவைக் கூப்பிட்டார். அக்கா மேடை ஏறினார். நெருப்புக் குச்சியை வாங்கவில்லை. படத்துக்குக் கிட்டே போய் இரண்டு கையாலும் மாலையைத் தூக்கிக் கழற்றினார். முந்தானையால் நெற்றிச் சந்தனத்தைத் துடைத்தார். மண்டபத்தில் எத்தனையோ போன்கள் உயர்ந்தன.

"ஐயா," என்றார் வரதராஜன் சாரிடம். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "கொன்னாங்கன்னு துணியில எழுத ஒங்களுக்குப் பயமா இருக்கு. செத்துட்டாருன்னு மாலை போட மட்டும் பயம் இல்லியா?"

அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். "அம்மா, மரியாதைக்குத்தாம்மா..."

"மரியாத செஞ்சு முடிச்சுட்டா எல்லாரும் வீட்டுக்குப் போயிறலாம். அதுக்குத்தானே?"

மாலையை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். விளக்கு ஏற்றாமலேயே நின்றது. வாசலில் பிரசன்னா அழுகிற மாதிரி வந்து, "மன்னிச்சிருங்கம்மா," என்றான்.

"நீ எதுக்கு கேக்கற? நீயா எரிச்ச?" என்று அவன் தலையைத் தடவினார். "சாப்ட்டியா?"

8

அக்கா மாலையைக் கழற்றிய வீடியோ எல்லோர் போனுக்கும் போயிற்று. எங்கள் பக்கத்து வீட்டு சுனீதம்மா போனுக்கும்.

சுனீதம்மா ஒவ்வொரு வருஷமும் வரலட்சுமி விரதத்துக்கு அக்காவை நேரில் வந்து கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுப்பவர். அத்தான் வெளிநாட்டில் இருக்கிறார் என்று அவராக நினைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் திருத்தவில்லை. ஒரு வகையில் பொய்யும் இல்லை. இந்த வருஷம் அந்த வெள்ளிக்கிழமை அக்கா சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் பெண்கள் வருவதும் போவதும் கேட்டது. எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. என் மனைவியை மட்டும் கூப்பிட நினைத்து, அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அவளையும் விட்டிருப்பார்கள்.

காவ்யாவால் தாங்க முடியவில்லை. "அத்தம்மா, இங்க வதிலெய். எந்துக்கு இதந்தா?" என்றாள். விட்டுவிடு, எதற்கு இதெல்லாம் என்று. அழுதுகொண்டே உள்ளே போனாள்.

அன்று நான் பேசினேன். என் வாழ்க்கையில் அக்காவிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

"அவங்க சொல்லப் போறதே இல்ல அக்கா. நீ செத்தாலும் சொல்லமாட்டாங்க, நான் செத்தாலும் சொல்லமாட்டாங்க. ஒருத்தனும் ஒன்ன நெனச்சுக்கூடப் பாக்கல. நீ இங்க உப்பல்ல ஒரு மூலையில பொட்டு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கறது அவங்களுக்குத் தெரியுமா? யாரு கிட்ட காட்டறே இத? நான் நாளைக்கே போய்க் கோடி வாங்கிட்டு வரேன். அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தெரியாதுதான் தம்பி. அவங்களுக்குத் தெரியாது. ஆனா நான் இத அறுத்தா, கணக்கு தீந்துருச்சுன்னு நான் சொன்ன மாதிரி ஆயிரும். தீக்க வேண்டியது நானா?"

"கடைசி வரைக்கும் தீராது அக்கா."

"தீராம இருக்கட்டும். தீராததத் தீராததுன்னு வச்சிருக்க ஒரு ஆளாவது வேணாமா?"

அக்கா சொல்வதுதான் சரி என்று முடித்தால் இந்தக் கட்டுரை அழகாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொம்பளையின் வாழ்நாள் முழுவதையும் வாங்கிக்கொண்டு ஓர் அரசாங்கம் ஒரே ஒரு வாக்கியத்தைத் தர மறுக்கிறது. பக்கத்தில் இருக்கிற அரசாங்கம், அது என் வேலை இல்லை என்கிறது. தூரத்தில் இருக்கிற அரசாங்கம் சொல்கிறது, அது இவருக்குப் போதவில்லை. இதில் நான் யார் மேல் கோபப்பட வேண்டும்? யாரும் கையில் கிடைக்காததால் அக்கா மேல் கோபப்பட்டேன். அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா சமையலறையில் இருந்தே குரல் கொடுத்தார். "தம்பி, குங்குமம் தீந்துபோச்சு. வரும்போது வாங்கிட்டு வா."

சாயங்காலம் உப்பல் சந்தைத் தெருவுக்குப் போனேன். ஜவுளிக்கடையும் பூஜை சாமான் கடையும் அடுத்தடுத்து. ஜவுளிக்கடை வாசலில் கோடிக்கு எடுக்கிற வெள்ளைச் சேலைகள் மடித்து அடுக்கியிருந்தன. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இருந்த பையன், "ரண்டி சார், ஏம் காவாலி?" வாங்க, என்ன வேண்டும் என்று கூப்பிட்டான். ஒன்றும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனேன்.

"குங்குமம்," என்றேன்.

கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். "சின்னதா, பெத்ததா?" சின்னதா, பெரியதா என்று கேட்டார்.

"பெத்ததே இவ்வண்டி," என்றேன்.